ரசீது எண் 61

கூட்டுப்பண்ணை கலைந்த பிறகு ஆறு வருஷம்
அந்த மாட்டுக்கொட்டகையை யாரும் சீந்தவில்லை.
கூரையில் பாதி கல்நார்த் தகடு, மீதி எஸ்தோனிய வானம்.
ஊராட்சி அதை ஒரு குரோனுக்கு விற்றது.
அந்த ஒரு குரோன் என் பையிலிருந்து போனது,
ஆகவே நான் பொருளாளர்.

அருங்காட்சியகம் என்ற சொல்லை
முதலில் உச்சரித்தவர் ஹில்லர், பால் லாரி ஓட்டுகிறவர்.
வரலாற்றுப் பற்றெல்லாம் இல்லை.
வெளியூர்க்காரன் ஒருவன் காரை நிறுத்தி
வேலியோரம் துருப்பிடித்துக் கிடந்த கலப்பைக்கு
விலை கேட்டிருக்கிறான்.
"அவனுக்கு வேண்டுமென்றால் நமக்கு ஏன் வேண்டாம்?"
எங்கள் நோக்க அறிக்கை இன்றுவரை அவ்வளவுதான்.

நோட்டில் உள்ளபடி:
பள்ளிப் பிள்ளைகள், நிமிர்த்திய ஆணி, ஒரு பால் கேன் நிறைய.
தேவாலயப் பாடகர் குழு, ஜன்னல் கண்ணாடி பதினேழு
(பதினெட்டாவது வழியில் உடைந்தது; அதையும் எழுதச் சொன்னார்கள்).
மின்கம்பி இழுத்த கென்னாதி கூலி வாங்கவில்லை,
தன் பெயர் வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.
பெயர் தெரியாத ஒருவர்,
இரவோடு இரவாக வாசலில் ஓர் எருவண்டி.
எருவோடு.

அக்டோபரில் எண்டல் கொண்டுவந்தார்
கதிரடிக்கும் இயந்திரத்தை.
சிவப்பு மரப்பெட்டி, வீட்டளவு.
இறக்குவதற்குப் பதினொரு பேர், ஒரு டிராக்டர்,
ஏராளமான கெட்ட வார்த்தை.
பக்கப் பலகையைத் துடைத்தபோது
சூட்டுக்கோலால் பொறித்த இரண்டு எழுத்து தெரிந்தது.
மா. தா.
யாரும் பேசவில்லை.
மாதிஸ் தாம்பெர்க் யாரென்று ஊருக்குத் தெரியும்,
நாற்பத்தொன்பது மார்ச்சில்
அந்த வீட்டை ஒரு மணி நேரத்தில் காலி செய்தது யாரென்றும்,
மறுவாரம் இயந்திரத்தை ஓட்டிச் சென்றது
எண்டலின் அப்பா என்றும்.

மாதிஸின் மகள் ஹெல்மி மூன்று வீடு தள்ளி இருக்கிறாள்.
சரக்கு ரயிலில் ஏறும்போது அவளுக்கு வயது ஆறு.
வந்தாள், கையில் செய்தித்தாள் பொட்டலம்.
உள்ளே ஒரு முழம் தோல் வார்,
கருத்து, விறைத்து.

"இது அதோட பட்டை.
ஒரு மணி நேரத்தில் எதை எடுப்பது?
அம்மா இதைக் கழற்றினாள், செருப்புக்கு ஆகுமென்று.
எட்டு வருஷம் சைபீரியாவில்
நாலு பேரும் இதன் மேல்தான் நடந்தோம்.
மிச்சம் இவ்வளவு."

எண்டல் சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டார்.
"அந்த இலையுதிர் காலம் முழுக்க
பட்டையைத் திருடியவனை அப்பா சபித்துக்கொண்டிருந்தார்."

குழு கூடியது. பலகையில் என்ன எழுதுவது?
மூன்று முறை காபி ஆறியது.
பறித்தது என்றால் எண்டலின் பிள்ளைகள் இருக்கிறார்கள்,
எழுதாவிட்டால் ஹெல்மி இருக்கிறாள்.
ஹில்லர், "உயரம், நீளம், எடை, போதும்" என்றார்.
ஒருத்தி எழுந்து போய்க் கதவை அறைந்தாள்.
(அது நான்.)

மறுநாள் எண்டல் ரசீதில் கையெழுத்திட வந்தார்.
"நன்கொடை" என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு
மேலே எழுதினார்: "திருப்பிக் கொடுத்தது."
யாரிடம்? அதற்கு என் நோட்டில் பத்தி இல்லை.
ஹெல்மியைக் கூப்பிட்டோம்.
அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு தரம் படித்தாள்.
பேனாவை அவரிடமிருந்து வாங்காமல்
தன் பையிலிருந்து எடுத்தாள்.
எண் 61: கதிரடிக்கும் இயந்திரம்,
பட்டை ஒரு முழம்.
நன்கொடை, ஹெல்மி தாம்பெர்க்.

இரண்டு ரசீதையும் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம்,
அதுதான் பலகை.
புதுப் பட்டைக்கு முட்டை விற்ற பணம் சேர்கிறது.
இன்னும் இருநூற்றுப் பத்து குரோன் குறைகிறது.
அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை,
முன்பும் பேசியதில்லை.
இயந்திரத்துக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது.
ஆணி தீர்ந்த பால் கேனை அங்கே வைத்திருக்கிறோம்.
மழை நாட்களில் யார் முதலில் வருகிறாரோ
அவர் கொட்டிவிட வேண்டும்.
இதுவரை இரண்டு தரம் எண்டல், ஐந்து தரம் ஹெல்மி.
நான் எண்ணுகிறேன், பொருளாளர் அல்லவா.